போலாமா சார் நிறுத்திய ராக்கெட்

பயப்படுவதையே உத்தியோகமாகச் செய்து, பயந்து பயந்தே படிப்படியாக மேலே போய், கடைசியில் தலைமை நாற்காலியிலும் உட்கார்ந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் ஊரப்பாக்கத்தில் என் வீட்டுக்கு எதிர்வீட்டில் இருக்கிறார். மற்ற ஆபீஸ்களில் துணிந்தவர்களுக்குத்தான் பதவி உயர்வு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவருக்கு மட்டும் "இது நடுவழியில நின்னுட்டா என்ன பண்றது?" என்று கேட்கக் கேட்க உயர்வு வந்துகொண்டே இருந்தது.

ஒருநாள் தெருமுனை மாவு மில்லில் கோதுமை அரைக்க நின்றிருந்தோம். எதிர்வீட்டு சார் மில்காரரைக் கேட்டார்.

"கரண்ட் போச்சுன்னா?"

"ஜெனரேட்டர் இருக்கு சார்."

"ஜெனரேட்டரும் நின்னுட்டா?"

"கரண்ட் வர்ற வரைக்கும் உக்காந்திருக்க வேண்டியதுதான் சார்."

"உக்கார முடியாத எடத்துல இருந்தா?"

மில்காரர் நிமிர்ந்து ஒருமுறை மேலே கூரையைப் பார்த்தார், கீழே தரையைப் பார்த்தார். "சார், இது மாவு மில்லு சார்" என்றார், அழுகிற குரலில்.

சாரின் நிஜப் பெயரைச் சொல்லித் தேடிக்கொண்டு வந்தால் எங்கள் காலனியில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'போலாமா சார்' என்றால் ஸ்டேஷன் ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் தெரியும். மனிதர்களை விண்வெளிக்கு அனுப்புகிற திட்டத்துக்கு அவர்தான் தலைவர். பொங்கல் விழாவில் எங்கள் செக்ரட்டரி சுந்தரம் அப்படித்தான் மைக்கில் அறிமுகம் செய்தார். சார் எழுந்து வந்து மைக்கை வாங்கி, "அனுப்பறது பாதி வேலைதாங்க. கூட்டிட்டு வரணும்" என்று திருத்திவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் பேசியது அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை திருவனந்தபுரம் ரயிலில் தாம்பரம் வந்து இறங்கி, லோக்கல் பிடித்து வீட்டுக்கு வருவார். ஞாயிறு சாயங்காலம் போய்விடுவார். மற்ற நாட்களில் அவர் மனைவி ஜெயராணி டீச்சர் மட்டும் இருப்பார். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. டீச்சர் இருவருக்கும் சேர்த்துப் பேசுகிறவர். அதனால் எங்களுக்கு நன்றாகவே ஒத்துப்போனது.

"பாராசூட் மடிக்கிற வேலையிலதான் சேர்ந்தார் அக்கா" என்று டீச்சர்தான் சொன்னார். "மடிச்சு மடிச்சே பெரிய ஆளாயிட்டார். மொதல்ல பாராசூட்டு. அப்புறம் அது தொங்குற கூண்டு. அப்புறம் கூண்டுக்குள்ள இருக்கிற நாற்காலி. இப்ப அதுல உக்காரப் போற நாலு பசங்களும் இவர் தலைலதான். ரிட்டயர் ஆகறதுக்குள்ள ஒரு தடவையாவது அது மேல போயிட்டுத் திரும்பி வந்துடணும். தூங்கினாலும் முழிச்சாலும் அந்த ஒரே நெனப்புதான்."

முதலில் ஆள் இல்லாமல் அந்தக் கூண்டு போய், பூமியைச் சுற்றி, கடலில் வந்து விழ வேண்டுமாம். அது பத்திரமாக வந்தால்தான் அடுத்தது பிள்ளைகள். சார் அந்த நால்வரையும் பிள்ளைகள் என்றுதான் சொல்வார். நால்வரும் விமானம் ஓட்டுகிற, மீசை வைத்த பெரிய ஆட்கள். பிள்ளைகள் போவதற்குள் தமக்குச் சர்வீஸ் முடிந்துவிடும் என்று அவருக்கே தெரியும். அந்த முதல் பயணத்தையாவது தம் கையால் அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் ஆசை. ரிட்டயர்மென்ட் நெருங்க நெருங்க, அந்த ஆசை எங்கள் காலனிக்கே தொற்றிக்கொண்டது. காய்கறி வண்டியில் கத்தரிக்காய் பொறுக்கும்போதுகூட, "சாரோடது எப்பம்மா போகுது?" என்று கேட்பார்கள்.

அவருக்கு ஏன் அந்தப் பட்டப்பெயர் என்று சொல்லிவிடுகிறேன். வருஷா வருஷம் காலனியிலிருந்து வேன் எடுத்துக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போவோம். சார் வீட்டார் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனாலும் வேன் பொறுப்பு அவர் கையில்தான். நாங்கள் நரசிம்மரைச் சேவித்துவிட்டு வரும்வரை வெளியே வேனோடு நிற்பார். இங்கிருந்து அரை மணி நேரப் பயணம். அதற்கே ஆளுக்கொரு பொறுப்பு கொடுத்துவிடுவார். தண்ணீர் ஒருவர், சாப்பாடு ஒருவர், தலை எண்ணுவது ஒருவர், டயர் ஒருவர். கிளம்புவதற்கு முன் வேன் வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கேட்பார். கேட்கப்பட்டவர் வாய் திறந்து 'போலாம்' என்று சொல்ல வேண்டும். ஒருவர் 'வேணாம்' என்றாலும் வேன் நகராது.

"டிரைவர்?"

"போலாம் சார்."

"தண்ணி?"

"போலாம் சார்."

"டயர்?"

டயர் அந்த வருஷம் செக்ரட்டரி பொறுப்பு. "ம்" என்றார்.

"'ம்'னா?"

"ம்தான் சார். ஏறுங்க, நேரமாச்சு."

"'ம்' எல்லாம் சேர்த்தி இல்ல சுந்தரம் சார். போலாமா, வேணாமா?"

"நடை சாத்திடுவாங்க சார்!"

"நான் நடையைக் கேக்கல. டயரைக் கேட்டேன்."

வேனுக்குள் எல்லோரும் வெந்துகொண்டிருந்தோம். செக்ரட்டரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் மெதுவாக, "பின்னாடி லெஃப்ட் மட்டும் பாக்கல சார். பட்டு வேட்டி. குனிஞ்சா மண்ணு ஒட்டும்னு…" என்றார். எல்லோரையும் இறக்கினார் சார். வேனைச் சுற்றிப் போய், குனிந்து, தட்டி, தடவிப் பார்த்தார். டயர் புதுசு.

"நல்லாத்தானே சார் இருக்கு!" என்றார் செக்ரட்டரி, வெற்றியோடு.

"இப்ப தெரியுது. முன்னாடி தெரியாது. சொன்னதுக்கு ரொம்ப தேங்க்ஸ்" என்று செக்ரட்டரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார் சார். கிண்டல் இல்லை. நிஜமாகவே நன்றி சொன்னார். சந்தேகத்தை வெளியே சொன்னவரை யாரும் ஒரு வார்த்தை திட்டக் கூடாது என்பது அவர் சட்டம். திட்டினால் அடுத்த தடவை அவர் சொல்ல மாட்டாராம்.

குடியரசு தினக் கொடியை மடிப்பதும் அவர்தான். வேறு காலனிகளில் தலைவர் கயிற்றை இழுப்பார், கொடி முடிச்சாகவே நிற்கும், பிறகு யாராவது கம்பம் ஏறுவார்கள். எங்கள் கொடி ஒரே இழுப்பில், பூவெல்லாம் பொலபொலவென்று கொட்ட, பட்டென்று விரியும். பக்கத்து நகர்க்காரர்கள் வந்து வேடிக்கை பார்ப்பார்கள். ஆனால் எங்கள் கம்பத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு கம்பம் நிற்கும். அதில் இன்னொரு கொடி, மடித்துத் தயாராக.

"கொடிக்குமா சார் ஸ்பேரு?" என்று செக்ரட்டரி கேட்டார்.

"மொதல் கொடி விரியலன்னா?"

"இத்தனை வருஷமா விரிஞ்சுக்கிட்டுத்தானே சார் இருக்கு?"

"அதனாலதான் பயமா இருக்கு" என்றார் சார்.

இதையெல்லாம்விடப் பெரிய கலவரம் சாப்பாட்டு மேஜை நாற்காலியால் வந்தது. அந்தப் பிள்ளைகள் கூண்டுக்குள் மல்லாந்து, முழங்கால் மேலே தூக்கியபடி, பெல்ட்டால் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் படுத்திருக்க வேண்டுமாம். அவர்களுக்கு எங்கே வலிக்கும், எது உறுத்தும் என்று தெரியாமல் நாற்காலியைப் பற்றி எப்படி முடிவு சொல்வது? ஒரு சனிக்கிழமை வீட்டு நாற்காலியை மல்லாக்கச் சாய்த்து, அதில் தம்மை டீச்சரின் பழைய துப்பட்டாவால் கட்டச் சொல்லி, காலை மேலே வைத்துப் படுத்துவிட்டார். டீச்சர் கட்டிவிட்டு மார்க்கெட் போய்விட்டார். கதவு திறந்திருந்தது. காஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்தார்.

"ஐயய்யோ! சாரு வுயுந்து கீறாரு! யாரோ கட்டிப் போட்டுட்டு பூட்டாங்கோ! ஓடியாங்க!"

காலனியே ஓடியது. நானும் போய்ப் பின்னால் நின்றேன். சார் தலையைக்கூடத் திருப்பவில்லை. "யாரும் தொடாதீங்க. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு" என்றார்.

"இன்னாத்துக்கு சார் ஒரு மணி நேரம்?"

"இப்படியே இருக்கணும்."

சிலிண்டர்காரர் எங்களைப் பார்த்தார். பிறகு குனிந்து, குழந்தையிடம் பேசுவது போல, "சார், மூக்கு மேல எறும்பு ஓடிகினு கீது. தட்டி வுடட்டா?" என்றார்.

"வேணாம்பா. அங்க மேல தட்டிவிட யாரும் வர மாட்டாங்க."

ஒரு மணி நேரமும் அப்படியே படுத்திருந்தார். எறும்பு மூக்கில் ஏறி, புருவத்தைச் சுற்றி, காது வழியாக இறங்கிப் போனது. சிரிக்க வந்த கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக வாயை மூடிக்கொண்டது. சிலிண்டர்காரர் மற்ற வீடுகளை மறந்து அங்கேயே குந்தி உட்கார்ந்திருந்தார். கட்டை அவிழ்த்ததும் சார் முதலில் சொன்னது, "இடுப்புக்குக் கீழ ஒரு சின்ன மெத்தை வேணும்."

தீபாவளிக்கு நான் கொடுத்தனுப்பிய பலகாரத்தையும் அவர் விடவில்லை. கறுப்புத் துணி ஒன்றை மேஜைமேல் விரித்து, ஒவ்வொன்றாகக் கடித்து, எது எத்தனை துணுக்கு சிந்துகிறது என்று குனிந்து பார்த்திருக்கிறார். சாயங்காலம் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, உங்க முறுக்கு ருசி பிரமாதம். ஆனா மேல போகக் கூடாது."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"அங்க எதுவும் கீழ விழாது அக்கா. மிதக்கும். ஒரு துணுக்கு போதும். ஒரு பிள்ளை அந்த நேரம் மூச்சை இழுப்பான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அல்வா பாஸ்" என்றார்.

எதிர்வீட்டுக்குள்ளிருந்து டீச்சர் குரல் வந்தது: "இந்த வூட்டுல ஒரு நாள் தொடப்பத்தைத் தொட்டதில்ல. ஆகாசத்துல குப்ப வுழுந்துடக் கூடாதாம்!"

டீச்சர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் பிறகு முறுக்கை உடைக்கும்போதெல்லாம், ஒரு சின்னத் துணுக்கு விழாமல் காற்றில் நிற்பது போல ஒரு காட்சி வந்து போகும்.

டீச்சரின் அண்ணன் மகள் கல்யாணம் தாம்பரத்தில் ஒரு சர்ச்சில் நடந்தது. நாங்களும் போயிருந்தோம். தாலி கட்டுவதற்கு முன்னால் போதகர் சபையைப் பார்த்து, இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் இருந்தால் இப்பொழுதே சொல்ல வேண்டும் என்று கேட்பது அவர்கள் வழக்கம். கேட்டார். கேட்ட மூச்சிலேயே அடுத்த வரிக்குப் போய்விட்டார். சார் எழுந்து நின்றார்.

சர்ச்சே திரும்பிப் பார்த்தது. பெண்ணின் அப்பா பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்தான். பெண் மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"தடை ஒண்ணும் இல்லீங்க ஐயா" என்றார் சார். "ஆனா கேட்டுட்டு மூச்சு விடக்கூட நேரம் தரலையே. யாராவது சொல்லணும்னு நெனச்சிருந்தா?"

"சகோதரரே, யாரும் சொல்ல மாட்டாங்கன்னு நம்பித்தான் கேக்கறோம்."

"அப்படிக் கேக்கக் கூடாதுங்க ஐயா."

டீச்சர் அவர் கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். போதகர் நல்ல மனிதர். மறுபடியும் கேட்டார், கேட்டுவிட்டு நின்றார். அந்த நிசப்தத்தில் பெண்ணின் அப்பாவுக்குப் பத்து வயது கூடியிருக்கும். யாரும் பேசவில்லை. கல்யாணம் நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் இன்றைக்கும் சாரைப் பார்த்தால், எங்களுடையது மட்டும்தான் நன்றாக விசாரித்து நடந்த கல்யாணம் என்று சிரிப்பார்கள்.

இப்படிக் கேட்டுக் கேட்டுத் திரிகிற மனிதரிடம் நான் ஒரு தடவை கேட்டேன். மொட்டை மாடியில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். சார் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படியோ வாயில் வந்துவிட்டது.

"அது எவ்ளோ ஒசரம் சார் போகும்?"

"மதுரைக்குப் போற தூரம்தான் அக்கா. ஆனா மேல."

நான் மேலே பார்த்தேன். மதுரைக்கு ராத்திரி ரயில் ஏறினால் விடிந்துதான் போய்ச் சேர்வேன். அத்தனை தூரத்தையும் நெட்டுக்குத்தாக நிறுத்திப் பார்க்க முயன்றதில் கழுத்து வலித்தது.

"அங்க போயிட்டா, பூமியை ஒரு சுத்து சுத்த ஒன்றரை மணி நேரம். நாம ஜி.எஸ்.டி. ரோட்டுல கிண்டி போய்ச் சேர்ற நேரம்."

"அந்தப் பிள்ளைங்களுக்குப் பயமா இருக்காதா சார்?"

"அவங்க பங்குக்கும் சேத்து நான் பயப்படணும். அதுக்குத்தான் சம்பளம்" என்றார். பிறகு, கேட்காமலேயே சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூண்டு மாதிரி ஒன்று செய்து, அதற்குள் மனிதன் எடைக்கு மணல் பொம்மை ஒன்றை உட்கார வைத்து, மேலேயிருந்து போட்டுப் பார்த்தார்களாம். பொம்மைக்குக் கந்தன் என்று பெயர்கூட வைத்திருந்தார்கள். பாராசூட் இவர் மடித்தது. ஒரு மடிப்பில் மனசுக்குள் லேசாக உறுத்தல். பெரியவர்கள் எல்லோரும் நிற்கிறார்கள், நேரம் ஆகிறது. போகலாமா என்று கேட்டபோது இவர் 'ம்' என்றிருக்கிறார்.

"விரியல அக்கா. கந்தனை மண்வெட்டியாலதான் அள்ளினோம்."

"பொம்மதானே சார்?"

"ஆமா. அன்னிக்குப் பொம்ம."

அவர் தொட்டியை மூடிவிட்டு இறங்கிப் போய்விட்டார். நான் மிளகாயைப் பரப்பிக்கொண்டே வெகுநேரம் அங்கேயே இருந்தேன்.

ராக்கெட் புறப்படும் நாள் வந்தது. சார் ரிட்டயர் ஆக இரண்டு மாதம் இருந்தது. காலையில் எங்கள் கார் பார்க்கிங்கில் பெரிய திரை கட்டி, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கேசரி கிளறி, சாரும் ராக்கெட்டும் ஒரே உயரத்தில் நிற்கிற பேனர் ஒன்றையும் செக்ரட்டரி கட்டியிருந்தார். டீச்சர் முன்வரிசையில். நான் தூண் ஓரம். திரையில் பெரிய கூடம் ஒன்று தெரிந்தது. முன்னால் சாரின் வழுக்கைத் தலையின் பின்பக்கம். அதைப் பார்த்ததற்கே கைதட்டினோம்.

அங்கேயும் அதே கதைதான். ஒவ்வொரு பொறுப்பாக யாரோ கூப்பிடுகிறார்கள். ஒவ்வொருவராகப் போகலாம் என்று பதில் சொல்கிறார்கள். டயருக்குப் பதில் வேறு என்னென்னவோ பெயர்கள். எல்லோரும் சொல்லிவிட்டார்கள். செக்ரட்டரி பட்டாசுத் திரியை நிமிண்டிக்கொண்டிருந்தார். திரையில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் அப்படியே நின்றது.

"நெட் போச்சு! யாருப்பா ரவுட்டர்ல கை வச்சது?" என்று கத்தினார் செக்ரட்டரி. ஒருவர் நாற்காலிமேல் ஏறி வயரை ஆட்டினார். ஆட்டிய வேகத்தில் படமே போய், மறுபடி வந்தது. கடிகாரம் நின்ற இடத்திலேயே நின்றது. திட்டத் தலைவர் நிறுத்தச் சொல்லிவிட்டதாகத் திரையில் ஒரு பெண் அறிவித்தாள்.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டார். "பண்ணிட்டாரு மனுஷன்" என்றார்.

ஏன் நிறுத்தினார் என்று யாருக்கும் புரியவில்லை. எந்தக் கருவியும் தப்பு காட்டவில்லையாம். பிரித்துப் பார்த்தார்கள். வாரக் கணக்கில் பார்த்தார்கள். ஒரு பழுதும் கிடைக்கவில்லை. மறுபடி பூட்டித் தயார் செய்வதற்குள் சாருக்குச் சர்வீஸ் முடிந்துவிட்டது. ஒரு சால்வையும் பழக்கூடையுமாக வந்து தாம்பரத்தில் இறங்கினார். கிழவருக்குக் கடைசி நேரத்தில் தைரியம் போய்விட்டது என்று வெளியே பேசிக்கொண்டார்கள். பேனரைச் செக்ரட்டரி மழைக்கு ஸ்கூட்டர்மேல் போர்த்திவிட்டார்.

ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் மட்டும் நேராகவே கேட்டார்கள்.

"இன்னா சார், ராக்கெட்டு ஸ்டார்ட்டே ஆவலியாமே? நம்ம பசங்கள இட்டுகினு வந்து தள்ளி வுடட்டா?"

சார் நின்று யோசித்தே பதில் சொன்னார். "தள்ளிவிட்டா போயிடும்பா. திரும்பி வரணுமே."

"ஒண்ணுமே இல்லியாம். அப்ப எதுக்குத்தான் நிறுத்துனீங்க?" என்று டீச்சர் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தார். சாரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "ஒண்ணும் இல்லைன்னு கண்டுபிடிச்சோமே. அதுவும் கண்டுபிடிப்புதான்."

காரணம் பிறகு ஒரு நாள் காரில் வந்து இறங்கியது. ஆபீஸில் சாருக்கு அடுத்த இடத்தில் இருந்த அம்மா அவர். சார் போன பிறகு அந்த நாற்காலிக்கு அவரைத்தான் போட்டிருந்தார்கள். போடச் சொன்னதே சார்தானாம். நான் டீச்சரோடு அடுக்களையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"சார், அன்னிக்கு ஒரு விநாடி லேட்டாச் சொன்னது நான்தான்."

"தெரியும் மேடம்."

"போலாம்னுதான் சொன்னேன்."

"சொன்னீங்க. வேற யாருக்கும் வித்தியாசம் தெரிஞ்சிருக்காது. எனக்கு அந்தக் குரல் தெரியும். நானே ஒரு தடவை அப்படிச் சொல்லியிருக்கேன்."

"விசாரணைல என் பேரையே சொல்லலியே சார். உங்க முடிவுன்னு மட்டும் சொன்னீங்களாமே."

"என் முடிவுதானே?"

"என்ன சந்தேகம்னு எனக்கே தெரியல சார். எல்லாம் சரியாத்தான் இருந்துது. வாயில வரல, அவ்ளோதான். அதுக்குப் போயி உங்க…" அந்த அம்மா முடிக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "விட்டிருந்தா நல்லாவே போயிட்டு வந்திருக்கும் சார்."

"வந்திருக்கும்."

"அப்புறம்?"

"வந்திருந்தா, இந்த மாதிரி லேட்டா வந்தா பரவால்லன்னு நாம எல்லாரும் முடிவு பண்ணியிருப்போம். அடுத்த தடவை உள்ள பிள்ளைங்க இருப்பாங்க மேடம்."

டீச்சர் கையில் பூண்டு அப்படியே நின்றது. கண்ணில் நீர். பூண்டுக்குக் கண் எரியாது. "பாருங்க அக்கா, வாழ்நா பூரா எந்த ஒண்ணுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாரோ, அதை ஒரு விநாடி லேட்டுக்கு விட்டுட்டு வந்திருக்கார்" என்று என் காதில் சொன்னார். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "காபியா டீயா? அதையாவது நிறுத்தாம சொல்லுங்க ரெண்டு பேரும்!"

மறுபடியும் நாள் குறித்தார்கள். அந்தக் கூடத்தில் முன்வரிசையில் வந்து உட்காரும்படி சாருக்கு அழைப்பு வந்தது. அவர் போகவில்லை. "நான் அங்க இருந்தா எல்லாரும் என் மூஞ்சியப் பாப்பாங்க. இனிமே அந்த மேடம் மூஞ்சியத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு எங்களோடு கார் பார்க்கிங்கில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொருவராகப் போகலாம் என்று சொன்னபோது கண்ணை மூடிக் குரல்களை மட்டும் கேட்டார். இந்தத் தடவை கடிகாரம் நிற்கவில்லை. நெருப்பைக் கொட்டிக்கொண்டு அது கிளம்பியது. நாங்கள் எழுந்து குதித்தோம். செக்ரட்டரி என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டு, யாரென்று பார்த்து மன்னிப்புக் கேட்டார். சார் மட்டும் எழவில்லை. "இனிமேதான்" என்றார்.

அது மேலே சுற்றிக்கொண்டிருந்த நாட்களில் அவர் படுக்கவே இல்லை என்று டீச்சர் சொன்னார். கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருந்தாராம்.

இறங்குகிற நாளில் மறுபடியும் எல்லோரும் கூடினோம். தணலாகப் பழுத்துக்கொண்டு அது வந்ததாம். கொஞ்ச நேரம் அதனோடு தொடர்பே இல்லை என்றார்கள். அப்போது சாரின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பிறகு வானத்தில் ஒரு புள்ளி. சின்னப் பாராசூட் விரிந்தது. அது இழுக்க, பெரியது விரிந்தது. இன்னொன்றும் விரிந்தது. மதுரை தூரத்திலிருந்து வந்த ஒரு பொருள், குழந்தையைத் தொட்டிலில் இறக்குவது போல ஆடி ஆடி இறங்கிக் கடலில் உட்கார்ந்தது. படகு போய்ப் பிடித்தது. உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும், கதவு திறந்து யாராவது கையசைப்பார்களோ என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிள்ளைகள் இனிமேல்தான் போக வேண்டும். போவார்கள்.

பட்டாசு வெடித்தது. செக்ரட்டரி மைக்கைப் பிடித்து, "இப்பொழுது நம் சார் அவர்கள் நம்மிடையே சில வார்த்தைகள்…" என்று திரும்பினார்.

சார் பிளாஸ்டிக் நாற்காலியில், முகவாய் மார்பில் பட, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு சத்தத்திலும் அசையவில்லை. டீச்சர் உதட்டில் விரல் வைத்தார். சுந்தரம் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

நான் எழுந்து போய், சுந்தரத்துக்குக் காற்று வீசிக்கொண்டிருந்த ஸ்டாண்டு ஃபேனைச் சார் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.